வாசல் பதாகையில் தொங்கிய கடவுச்சொல்: சுங்கை சிப்புட் வீடொன்றின் வைஃபை ஊடுருவல் குறித்த நிகழ்வு ஆய்வு

களமும் முறையீடும்

பேராக் மாநிலத்துக் கோலகங்சார் மாவட்டத்தில் உள்ள சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களை அண்டி வளர்ந்து, பின்னாளில் செம்பனைக்கு மாறிய ஊர். தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளை) விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, ஊரைச் சுற்றி எழுந்த தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) வரிசை வீடுகளில் குடியேறின. இந்த ஆய்வுக்குரிய வீடும் அப்படிப்பட்ட ஒரு தாமானில், இருபுறமும் அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் 20 அடி அகல மாடியற்ற வீடு. குடும்பத் தலைவர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றை ஆர்டரின்பேரில் செய்து தருபவர். மகள் மாலை வேளைகளில் வரவேற்பறையிலேயே டியூஷன் நடத்துபவர். மகன் ஈப்போவில் வேலை பார்த்து வார இறுதியில் வீடு திரும்புபவர். இவ்வூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அவர்களை இனங்காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

என்னிடம் வந்த முறையீடு இணையத்தின் வேகத்தைப் பற்றியது மட்டுமே. பகலில் ஓரளவு ஓடும் இணையம் மாலை ஏழு மணிக்கு மேல் ஊர்ந்து செல்வதாகவும், இணையச் சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கும்போதெல்லாம் ரவுட்டரை நிறுத்திவிட்டு மீண்டும் போடச் சொல்கிறார்கள் என்றும் குடும்பத் தலைவர் சொன்னார். பேச்சினூடே, அதைவிடப் பெரிய செய்தியை அவர் மனைவி சொல்லிவிட்டார். மாவுக் கடைக்குப் பணம் அனுப்புவதற்காக மடிக்கணினியில் வங்கியின் முகவரியைத் தட்டியபோது, இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது. அதைத் தாண்டிச் சென்றபோது வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறந்திருக்கிறது. ஆனால் பயனர் பெயரைக் கொடுத்த பிறகு, தாமே முன்பு தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாதுகாப்புப் படம் வரவில்லை. நேரே கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறது. படம் வராததால் அவர் கணினியை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மலேசிய வங்கிகள் பல, கடவுச்சொல்லைத் தட்டும் முன் வாடிக்கையாளர் தேர்ந்த படத்தையோ சொற்றொடரையோ காட்டுவதை ஒரு சடங்காகவே நாம் கடந்து போகிறோம். இந்த வீட்டில் பணம் பறிபோகாமல் நின்றதற்கு அந்தச் சடங்கும், அதைக் கவனித்த ஓர் இல்லத்தரசியின் நிதானமுமே காரணம்.

வேகக் குறைவும் போலிப் பக்கமும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்று குடும்பம் நம்பியது. தெருக்கோடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த வங்காளதேசத் தோட்டத் தொழிலாளர்கள்தாம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்றும் அவர்களுக்குள் ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. பின்னர் தெரிந்தபடி, முதல் நம்பிக்கை பாதி உண்மை; இரண்டாவதில் உண்மை சிறிதும் இல்லை.

மாற்றுவதற்கு முன் பதிவு செய்தல்

ஊடுருவல் என்ற ஐயம் வந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றுவதே எல்லாருக்கும் தோன்றும். அதற்கு முன் இருக்கும் நிலையைப் பதிவு செய்துகொள்ளாவிட்டால், யார் எப்படி நுழைந்தார்கள் என்பதை அறியும் வாய்ப்பு போய்விடும். எனவே ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற உதவும் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, இணைந்த கருவிகளின் பட்டியல், கருவிகளுக்கு ரவுட்டர் தந்த முகவரிகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல், தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சேவையின் அமைப்பு, வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் தொலைநிலை மேலாண்மை, வெளியிலிருந்து வீட்டுக் கருவிகளை எட்ட விடும் துறைத் திறப்புகள் ஆகிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்தேன். ரவுட்டரின் நிகழ்வுப் பதிவேட்டில் மட்டும் பயனுள்ள எதுவும் இல்லை. இத்தகைய மலிவு ரவுட்டர்களில் அந்தப் பதிவேடு மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். உதவி எண்ணில் சொன்னபடி வாரக்கணக்கில் நிறுத்திப் போட்டுக்கொண்டே இருந்ததில் பழைய தடயங்கள் அனைத்தும் போயிருந்தன.

மேலாண்மைப் பக்கத்துக்குள் நுழைய எனக்கு எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. அவை ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும், அதே வகை ரவுட்டரின் கையேட்டிலும் உள்ளவை. வைஃபை கடவுச்சொல்லும் மேலாண்மைக் கடவுச்சொல்லும் வெவ்வேறு என்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் நிலைமை இதுதான்.

இணைந்தவர் யார்

பட்டியலில் 21 கருவிகள் இருந்தன. குடும்பத்தாரை உட்கார வைத்து அவர்களுடைய கருவிகளை எண்ணியதில் 9 வந்தன: கைபேசிகள் 4, மடிக்கணினிகள் 2, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமராப் பதிவுப்பெட்டி. அப்படியானால் 12 அன்னியர்கள் என்று உடனே முடிவு கட்டுவது பிழை. ஒதுக்கீட்டுப் பட்டியலில், முன்பு வந்து போன கருவிகளும் அவற்றின் தவணை முடியும் வரை நிற்கும். அதோடு ஒரு கருவியை அடையாளம் காட்டும் 48 பிட் மேக் முகவரியும் முன்போல் நம்பகமானது அன்று. முன்பெல்லாம் அதன் முதற்பாதியை வைத்து, கருவியை உருவாக்கிய நிறுவனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் ஒவ்வொரு வலைக்கும் ஒரு போலி முகவரியைப் புனைந்துகொள்கின்றன. அத்தகைய முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். அதைக் கண்டால் நிறுவனத்தைத் தேடுவதில் பயனில்லை.

எனவே பழைய முறையைக் கையாண்டோம். வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, எது பட்டியலிலிருந்து மறைகிறது என்று குறித்துக்கொண்டு, மிஞ்சியவற்றை மட்டும் தனியே வைத்தோம். மிஞ்சியவற்றுள் பெரும்பாலானவை புனைந்த முகவரிகள், அதாவது அண்மைக்காலக் கைபேசிகள். ஒன்று மட்டும் தன் உண்மையான முகவரியோடு, ஓர் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிக்குரிய பெயரில் நின்றது. அந்த வீட்டில் அப்படிப்பட்ட பெட்டியே இல்லை. இரவு ஏழரை மணியளவில் இணைப்பின் பெரும்பகுதியை அதுவே இழுத்துக்கொண்டிருந்தது.

அலைவலிமையைப் பார்த்தபோது இன்னொரு செய்தி கிடைத்தது. ரவுட்டர், ஃபைபர் கம்பி நுழையும் முன்னறைச் சுவரில், வலப்பக்க அண்டை வீட்டோடு பகிரும் சுவரை ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் உள்ள அண்டை வீட்டுக் கூடம் ரவுட்டரிலிருந்து சில அடிதான். சொந்த வீட்டின் சமையலறையோ நீளவாக்கில் கடைசியில், இரண்டு சுவர்களுக்கும் ஓர் இரும்பு அலமாரிக்கும் பின்னால் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒற்றைச் செங்கல் சுவரை எளிதாகக் கடக்கும். இரும்பை அப்படிக் கடக்காது. ஆகவே கட்டணம் கட்டுகிற வீட்டின் சமையலறையைவிட, கட்டாத வீட்டின் கூடத்துக்கு நல்ல அலை கிடைத்துக்கொண்டிருந்தது. வரிசை வீடுகளில் இது விதிவிலக்கன்று. நீளமும் ஒடுக்கமுமான அந்த வீட்டமைப்பே இதற்கு வழி செய்கிறது.

எப்படி நுழைந்தார்கள்

வைஃபை வலைக்குள் அன்னியர் நுழைய வழிகள் சில உண்டு; ஒவ்வொன்றையும் இந்த வீட்டோடு வைத்துப் பார்த்தேன்.

குறியாக்கம் பழுதானதா? இல்லை. 1997ஆம் ஆண்டு வைஃபை தரத்தோடு வந்த வெப் (WEP) என்னும் குறியாக்க முறையை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உடைத்துப் போட்டது. அதற்கு மாற்றாக 2003இல் டபிள்யூபிஏவும், 2004இல் டபிள்யூபிஏ2வும் வந்தன. இந்த வீட்டு ரவுட்டர் டபிள்யூபிஏ2வில்தான் இருந்தது.

டபிள்யூபிஎஸ் வழியா? அது திறந்தே இருந்தது. பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைக் கொடுத்தோ கருவிகளை இணைக்க உதவும் இந்த வசதியின் ஓட்டையை ஸ்டெஃபான் ஃபீபெக் 2011இல் வெளிப்படுத்தினார். எட்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. மீதி ஏழையும் ரவுட்டர் நான்காகவும் மூன்றாகவும் பிரித்து, முதற்பகுதி சரியா என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. ஒரு கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் 10,000உம் 1,000உமாக 11,000 முயற்சிகள் போதும். கடவுச்சொல் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் இந்தப் பக்கக் கதவு அதை மதிக்காது. இதை உடனே மூட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் இவ்வளவு சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டிய தேவையே இங்கு இருக்கவில்லை.

ஏனெனில் வைஃபை கடவுச்சொல், குடும்பத் தலைவியின் கைபேசி எண். நிறுவனம் ரவுட்டரைப் பொருத்தியபோது அடித்தாளில் எழுத்தும் எண்ணும் கலந்த தாறுமாறான கடவுச்சொல் ஒன்று இருந்திருக்கிறது. நினைவில் நிற்கவில்லை என்பதற்காக மகன் அதை அம்மாவின் எண்ணாக மாற்றியிருக்கிறார். அதே எண் வாசல் இரும்புக் கதவில், தீபாவளி முறுக்கு ஆர்டருக்கான பதாகையில், தெருவில் போகிறவர் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கட்டியிருந்தது. வைஃபையின் பெயரோ வீட்டு எண்ணையும் குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்தது. எந்த வலை எந்த வீட்டினுடையது என்பதும், அதற்கு என்ன கடவுச்சொல்லாக இருக்கக்கூடும் என்பதும் ஒரே வாசலில் எழுதியிருந்தன.

பதாகை இல்லாவிட்டாலும் கைபேசி எண் தாங்காது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பத்து இலக்கம் என்பதால் அது வலிமையானது என்று படித்தவர்களும் எண்ணுகிறார்கள். ஒரு கருவி டபிள்யூபிஏ2 வலையில் இணையும்போது ரவுட்டரோடு நான்கு கட்டமாக ஒரு பரிமாற்றம் நடக்கிறது. அதை அக்கம்பக்கத்தில் உள்ள எவரும் காற்றிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, ரவுட்டருக்குத் தெரியாமலேயே, கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அந்தப் பதிவோடு ஒப்பிடலாம். ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு தேவை என்று தரம் வைத்திருப்பது ஊகிப்பவரைத் தாமதப்படுத்துவதற்காகவே. இருந்தும் கணினி விளையாட்டுக்காக வாங்கும் உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். மலேசியக் கைபேசி எண்கள் 01 என்று தொடங்கும். அடுத்து வரக்கூடிய முன்னெண்களையும், எட்டு இலக்கம் தொடரும் 011ஐயும் சேர்த்தாலும் மொத்த வாய்ப்புகள் இருபது கோடிக்குள் அடங்கும். அவ்வளவையும் தீர்க்க நான்கு நிமிடம் கூடத் தேவையில்லை. பிறந்த தேதி, அடையாள அட்டை எண், கார் எண் ஆகியவற்றின் கதியும் இதுவே. மாறாக, 2,000 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களை எடுத்துக் கோத்தால், அதே அட்டைக்கு ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் பிடிக்கும். சொற்கள் தற்செயலாக எடுக்கப்பட வேண்டும் என்பது முக்கியம்; மனம் தேர்ந்தெடுக்கும் சொற்கள் எப்போதும் குலதெய்வத்தையும் பிள்ளைகளையுமே சுற்றி வரும்.

இவை எல்லாம் நடந்திருக்கக்கூடியவை. நடந்தது இவற்றைவிடச் சாதாரணமானது. புதிய கடவுச்சொல்லை வைத்த அன்று மாலையே விடை வாசலுக்கு வந்தது. டியூஷனுக்கு வந்த மாணவன் ஒருவன் குடும்பத் தலைவரிடம், “அங்கிள், வைஃபை மாத்திட்டீங்களா? போன்ல கனெக்ட் ஆகல” என்று கேட்டான். பாடக் காணொளி பார்ப்பதற்காக மகள் ஒரு மாணவிக்குக் காட்டிய கியூஆர் குறியீட்டை மற்றவர்களும் படம் பிடித்துப் பகிர்ந்திருந்தார்கள். அப்படி 5 கைபேசிகள். அடுத்த தெருவில் உள்ள சித்தப்பா வீட்டாருடையவை 2. வலப்பக்க வீட்டு அண்ணனின் குடும்பத்துக் கைபேசிகள் 2, அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி 1. அவர்களுடைய இணையம் ஒரு முறை பழுதானபோது குடும்பத் தலைவரே நல்ல மனத்தோடு கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். பழுது நீங்கிய பின்னும் பெட்டி தானாகவே வலிமையான அலையைப் பிடித்துக்கொண்டது. மிஞ்சிய 2 கைபேசிகளுக்கு யாரும் உரிமை கோரவில்லை. பதாகை வேலை செய்ததென்றால் அது இந்த இரண்டில்தான். வங்காளதேசத் தொழிலாளர்கள் ஆளுக்கொரு முன்கட்டணச் சிம் அட்டையில் தங்கள் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும், அவர்கள் வீடு இருக்கும் தொலைவில் இந்த ரவுட்டரின் அலை அறவே எட்டவில்லை என்பதும் அளந்து பார்த்ததில் தெரிந்தது. தெருவில் பரவியிருந்த பேச்சைக் குடும்பத் தலைவர் அதற்குப் பிறகு தாமே திருத்தினார்.

ஆக, 12இல் 10 பேர் அழைக்கப்பட்டவர்களோ, அழைக்கப்பட்டவர்களால் அழைத்து வரப்பட்டவர்களோ. வீட்டு வைஃபை பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் மதில் ஏறிக் குதிக்கும் திருடனையே எண்ணிப் பேசுகிறார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் நிகழ்வது, முன்வாசல் வழியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கிவிடுவது.

டிஎன்எஸ் மாற்றம்: உண்மையான ஆபத்து

வேகம் குறைவது தொல்லை; அதோடு முடிந்துவிடும். டிஎன்எஸ் பக்கத்தில் கண்டது வேறு வகை. நாம் தட்டும் தளப் பெயரை அதற்குரிய எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை டிஎன்எஸ். ரவுட்டர் எந்த டிஎன்எஸ் சேவையகத்தைச் சொல்கிறதோ, வீட்டுக் கருவிகள் எல்லாம் அதையே கேட்கும். இங்கு முதல் இடத்தில், சேவை நிறுவனத்துக்கும் அறியப்பட்ட பொதுச் சேவைகளுக்கும் உரியதல்லாத ஒரு முகவரி இருந்தது. இரண்டாம் இடத்தில் கூகுளின் 8.8.8.8. போலிச் சேவையகம் நின்றுபோனால் இணையமே அற்று வீட்டார் ஐயப்படக் கூடாது என்பதற்காக இரண்டாம் இடத்தில் நல்ல முகவரியை வைப்பது இத்தகைய மோசடியின் கைவரிசை. 2016 டிசம்பரில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் விவரித்த ஸ்விட்சர் என்னும் ஆண்ட்ராய்டு தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) இதையேதான் செய்தது. கைபேசி ஏதேனும் ஒரு வைஃபையில் இணைந்ததும், ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தில் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று, திறந்தவுடன் டிஎன்எஸ்ஸை மாற்றிவிடும்.

வங்கித் தளத்தின் பெயரை இந்தச் சேவையகத்திடம் ஒரு முறையும், கைபேசித் தரவு வழியாக ஒரு முறையும் கேட்டுப் பார்த்தேன். விடைகள் வேறாக இருந்தன. அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது; பெரிய தளங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு முகவரிகளைத் தருவது வழக்கம். ஆனால் முதல் விடையில் வந்த முகவரி வங்கியோடு தொடர்பற்ற ஒரு வாடகைச் சேவையகத்துக்குரியது. தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும், வங்கியின் பெயரிலான சான்றிதழும் அங்கே இல்லை. உலாவி எச்சரித்தது இதனால்தான்.

மாற்றியது எந்தக் கருவி? தொலைநிலை மேலாண்மை அணைந்திருந்ததால், மாற்றம் வீட்டு வலைக்குள்ளிருந்தே வந்திருக்க வேண்டும். மலிவு விலை ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றில் விற்பனைக்கு வரும் முன்பே தீநிரல் ஏற்றப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் 2023இல் அம்பலப்படுத்தினர். பேட்பாக்ஸ் என்ற பெயரில் அது அறியப்படுகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. நம் பாசார் மாலாம்களில் (இரவுச் சந்தைகளில்), ஆயுள் முழுதும் கட்டணமின்றி எல்லா அலைவரிசைகளும் வரும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளிலும் இந்த ஆபத்து இருக்கக்கூடும். அண்டை வீட்டுப் பெட்டிமீது என் ஐயம் வலுவாக விழுகிறது. எனினும், கடைசியாக இணைந்த ஏதேனும் ஒரு மாணவனின் கைபேசியாகவும் அது இருக்கலாம். பதிவேடு அழியாமல் இருந்திருந்தால் எந்தக் கருவி என்று சுட்டிச் சொல்லியிருக்க முடியும்.

எதுவாயினும், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தால் இந்தக் கதவு திறந்திருக்காது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையக் குற்றவாளி அந்த மேலாண்மைக் கடவுச்சொல்தான். வைஃபை கடவுச்சொல் எப்படியும் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும். உள்ளே வந்தவர் வீட்டின் சாவிக்கொத்தைத் தொட முடியாதபடி இருப்பதே காவல்.

சட்டத்தின் பக்கம்

அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததில் என்ன தவறு என்று குடும்பத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவை அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு வலைச் சேவையின் சந்தாதாரராகப் பதிந்துள்ளவரின் இணைப்பிலிருந்து ஏதேனும் வெளியிடப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவரே அதை வெளியிட்டவர் என்று அப்பிரிவு அனுமானிக்கிறது. யாரோ ஒரு பையன் இனத்தையோ சமயத்தையோ பழித்து எழுதினால், தாம் எழுதவில்லை என்று காட்டும் சுமை, மாதாமாதம் கட்டணம் கட்டும் கிராணியின் தலையில் விழும். மறுபுறம், அனுமதியின்றிக் கணினியில் உள்ள தரவையோ நிரலையோ அணுகுவோருக்கு 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இங்கு யார்மீதும் வழக்குப் போடும் எண்ணம் குடும்பத்துக்கு இல்லை. டிஎன்எஸ் மாற்றத்தை மட்டும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 முறையீட்டுச் சேவைக்குப் படங்களோடு தெரிவித்தார்கள். பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகள் ஒட்டி வைத்தார்.

சீரமைப்பு

முதலில் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்க வேண்டியிருந்தது; தீய அமைப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிட அது உறுதியானது. இதில் ஒரு பொறி உண்டு. இங்குள்ள ஃபைபர் இணைப்புகள் பலவற்றில், ரவுட்டருக்குள் சேவை நிறுவனம் தந்த தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்திருக்கும். மீட்டமைத்தால் அதுவும் அழியும்; பிறகு வீட்டில் இணையமே வராது. எனவே சந்தாதாரர் என்ற முறையில் குடும்பத் தலைவரையே நிறுவனத்தை அழைக்கச் செய்து, அந்த விவரங்களைத் தாளில் எழுதி வாங்கிய பிறகே பொத்தானை அழுத்தினேன்.

மீட்டமைத்த ரவுட்டரை, வைஃபை அணைந்த நிலையில், மடிக்கணினியோடு கம்பியால் இணைத்து வேலையைத் தொடர்ந்தோம். மேலாண்மைக் கடவுச்சொல் முதலில் மாறியது. அதன்பின் ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபெர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டது. டபிள்யூபிஎஸ்ஸும், கருவிகள் தாமே வெளியுலகுக்குத் துறைகளைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியும் அணைக்கப்பட்டன. டிஎன்எஸ்ஸுக்கு அறியப்பட்ட பொதுச் சேவையகங்கள் இரண்டைக் கையால் எழுதினேன். வைஃபை பெயரிலிருந்து வீட்டு எண்ணும் குடும்பப் பெயரும் நீங்கின. குறியாக்கத்தை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு நிலையில் வைத்தேன். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3, பரிமாற்றத்தைப் பதிவு செய்து வீட்டில் ஊகிக்கும் வழியை அடைக்கிறது என்றாலும், அச்சுப்பொறியும் குடும்பத் தலைவரின் பழைய கைபேசியும் அதை அறியா. கலப்பு நிலையில் டபிள்யூபிஏ2 பலவீனம் எஞ்சுவதால் ஐந்து சொல் கடவுச்சொல்லின் தேவை குறைவதில்லை.

கடவுச்சொற்கள் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, மின்கட்டண ரசீதுகளோடு பீரோவில் வைக்கச் சொன்னேன். எழுதி வைக்கவே கூடாது என்ற அறிவுரை அலுவலகத்துக்குப் பொருந்தும். வீட்டில் அது, மறந்துபோய் மீண்டும் கைபேசி எண்ணுக்கே திரும்புவதில்தான் முடிகிறது.

அடுத்தது விருந்தினர் வலை. இதுவே இந்த வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்ட மாற்றம். தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட இந்த வலையில் இணைபவர், இணையத்துக்குப் போகலாம். வீட்டு மடிக்கணினியையோ அச்சுப்பொறியையோ ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தையோ எட்ட முடியாது. டியூஷன் மாணவர்கள், உறவினர்கள், தொலைக்காட்சி, கேமராப் பதிவுப்பெட்டி ஆகிய அனைத்தும் அங்கே போயின. அதன் வேகத்துக்கு உச்ச வரம்பும் வைத்தோம். கேமராப் பெட்டியின் கடவுச்சொல்லும் தொழிற்சாலைக் காலத்ததே. 2016இல் மிராய் என்னும் தீநிரல் இத்தகைய கேமராக்களையும் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது வெறும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். அதையும் மாற்றினோம்.

வைஃபை பெயரை மறைப்பதையும், மேக் முகவரிப் பட்டியல் வைத்து வடிகட்டுவதையும் மகன் கேட்டார். இரண்டையும் செய்யவில்லை. பெயரை மறைத்தாலும் கருவிகள் இணையும்போது அது காற்றில் வெளிப்படும். மேக் முகவரி குறியாக்கமின்றியே பறப்பது, எவரும் நகலெடுத்துக்கொள்ளலாம். கைபேசிகள் முகவரியைப் புனையும் இந்நாளில் அந்தப் பட்டியலைப் பராமரிப்பது வீட்டாருக்கு வேலையே தவிர ஊடுருவுபவருக்குத் தடையன்று.

விளைவும் எஞ்சியவையும்

அன்னியக் கருவிகள் விலகியதும் முன்னறையில் இரவு வேகம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவை ஏறக்குறைய எட்டியது. சமையலறையில் அது ஏறவில்லை. மெதுவான இணையத்துக்கு ஊடுருவல் ஒரு காரணம் மட்டுமே என்பது இதனால் உறுதியாயிற்று. மற்றொரு காரணம் அந்த இரும்பு அலமாரி. நீண்ட கம்பி ஒன்றை இழுத்து ரவுட்டரை வீட்டின் நடுக்கூடத்துக்கு, அண்டைச் சுவரிலிருந்து விலக்கிக் கொண்டுபோன பிறகே ஆர்டர் செய்திகள் அடுப்படியில் தடையின்றி வந்தன. அண்டை வீட்டில் அலை சற்று வலுக்குறைந்தது. அதைப் பாதுகாப்பாக நான் கருதவில்லை.

அண்டை வீட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டுமானால் விருந்தினர் வலையைத் தருவதாகவும், பெட்டியை மட்டும் இணைக்க வேண்டாம் என்றும் குடும்பத் தலைவர் நேரில் போய்ச் சொன்னார். என் ஆலோசனை, சட்டப்பிரிவை எண்ணி, அதுவும் வேண்டாம் என்பதே. ஆனால் பல ஆண்டுகளாகத் தோட்டத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களிடையே அப்படிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் முடிவை நான் மறுக்கவில்லை. விருந்தினர் கடவுச்சொல்லைப் பள்ளி விடுமுறைதோறும் மாற்றுவது என்று ஏற்பாடாயிற்று. மகள் அதைப் பொறுப்பேற்றுள்ளார்.

எஞ்சியவை இரண்டு. இந்த ரவுட்டருக்கு ஃபெர்ம்வேர் புதுப்பிப்புகள் விரைவில் நின்றுவிடும் வயது. மாற்று ரவுட்டருக்குச் சேவை நிறுவனத்திடம் விண்ணப்பித்திருக்கிறார்கள். அது வரும் வரை மாதம் ஒரு முறை டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, நோட்டில் எழுதிய இரண்டு முகவரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவியின் கைபேசி எண், பதாகையில் முன்போலவே இருக்கிறது; வியாபாரத்துக்கு அது வேண்டும்.